புரதம் கட்டும் நொதியை மருந்தால் தடுத்தால் நமக்கே ஆபத்து இல்லையா?

செல்லுக்குள் புரதம் உருவாக உதவும் நொதிகளை மருந்து இலக்காக ஆராய்கிறார்களே, அவை இல்லாமல் நாமே உயிர் வாழ முடியாதே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

அமினோஅசைல் டிஆர்என்ஏ சிந்தட்டேஸ் என்ற நொதிக் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். புரதத்தின் கட்டுமானக் கற்கள் அமினோ அமிலங்கள்; அவற்றைப் புரதம் கட்டும் இடத்துக்குச் சுமந்து செல்லும் சிறு மூலக்கூறு டிஆர்என்ஏ. சரியான அமினோ அமிலத்தை அதற்குரிய டிஆர்என்ஏ-வில் ஏற்றிவிடுவது இவற்றின் வேலை. இதில் ஒரு மருந்து ஏற்கெனவே நம் மருந்துக்கடைகளில் இருக்கிறது. தோல் புண்ணுக்கு எழுதித் தரும் முபிரோசின் களிம்பு, பாக்டீரியாவில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றும் நொதியை அடைக்கிறது. நம்முடைய நொதியின் அமைப்பு வேறு என்பதால் அதில் சரியாகப் பொருந்துவதில்லை.

சரி, அது கிருமி. மனித நொதியையே தடுக்கலாமா? எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் வருகிறது. சீன மருத்துவத்தில் காய்ச்சலுக்குத் தரும் சாங் ஷான் மூலிகையில் ஃபெப்ரிஃபியூஜின் என்ற பொருள் உண்டு. மலேரியாவை அடக்கும், ஆனால் வாந்தி படுத்தி எடுத்துவிடும். அதை மாற்றிச் செய்த ஹாலோஃபியூஜினோன் கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்தானது. அது புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றும் நொதியைத் தடுக்கிறது என்பது 2012-இல்தான் தெளிவானது.

நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயில் கொலாஜன் என்ற நார்ப் புரதம் அளவுமீறிச் சேர்கிறது. கொலாஜனில் புரோலின் மிக அதிகம். எனவே புரோலின் ஏற்றத்தைக் கொஞ்சம் குறைத்தால், கொலாஜனைக் கொட்டிக் குவிக்கும் செல்களுக்குத்தான் முதலில் நெருக்கடி வர வேண்டும். இந்த எண்ணத்தில் உருவான பெர்சிபோரோசின் என்ற கொரிய மருந்து நோயாளிகளிடம் சோதனைக்கு வந்திருக்கிறது. நீங்கள் அஞ்சும் ஆபத்து இங்கே நிஜமாகவே உண்டு, எல்லாச் செல்லுக்கும் புரோலின் வேண்டுமே! அளவைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம், இலக்கு என்றாலே தடுப்பது என்று நினைக்க வேண்டாம். கிளைசின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றும் நொதியின் மரபணுப் பிழையால் சார்கோ-மேரி-டூத் நோயின் ஒரு வகை வருகிறது. கைகால் நரம்புகள் மெல்ல நலிகின்றன. பிழையுள்ள நொதி டிஆர்என்ஏ-வைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. எலிகளில் நொதியைத் தொடாமல் அந்த டிஆர்என்ஏ-வின் அளவை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். நரம்புப் பாதிப்பு தடுக்கப்பட்டது.