வீகன் சமையல் புத்தகம் நம் அடுப்பங்கரையில் ஏன் பிசகுகிறது?

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் வசிக்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறைகளாகச் சைவம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் இவ்வாண்டு தொடங்கிப் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. அமெரிக்காவில் அச்சான வீகன் சமையல் புத்தகம் ஒன்றையும் வாங்கித் தந்திருக்கிறாள். அதிலிருந்து மூன்று பண்டங்களைச் செய்து பார்த்தேன். சாக்லேட் கேக் எண்ணெய் கசிந்து அமுங்கிவிட்டது. முந்திரிக் கிரீம் புளித்துப் போனது. முட்டைப் பொடிமாஸ் போல உதிர்த்து வதக்க வேண்டிய டோஃபு கூழாகிவிட்டது. டோஃபு என்று நான் வாங்கியது, நீள உருளையாக உறையில் வரும் மஞ்சள் நிறத்ததை. மாமியாரோ, "நாம் சாப்பிடுவதே சைவம்தானே, இதற்குமேல் என்ன?" என்கிறார். குறை புத்தகத்திலா, என் கைப்பக்குவத்திலா? பொருளை வீணாக்காமல் எப்படிச் செய்து பார்ப்பது?

பதில்: முதலில் அந்த டோஃபுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது கைப்பக்குவத்தைவிடப் பெரிய விஷயம். உருளை உறையில் வரும் மஞ்சள் டோஃபு பெரும்பாலும் முட்டை சேர்த்துச் செய்யப்படுவது. மஞ்சள் நிறமும் வழவழப்பும் முட்டையிலிருந்தே வருகின்றன. மகளின் வீகன் உணவுக்கு மட்டுமல்ல, உங்கள் மாமியாரின் சைவத்துக்கும் அது ஆகாது. உறையின் பின்புறம் மலாயில் 'தெலூர்' என்று இருந்தால் முட்டை, 'சூசு' என்றால் பால், 'உடாங்' என்றால் இறால். 'மாடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீங்கள் திகைக்க வேண்டியதில்லை, மலாயில் அது தேனைத்தான் குறிக்கும். ஆனால் வீகன் உணவில் தேனும் விலக்கு என்பதால் அந்தப் பொட்டலத்தையும் அலமாரியிலேயே விட்டுவிட்டு வரலாம்.

வதக்குவதற்கு நீங்கள் வாங்க வேண்டியது, பசாரில் சதுரக் கட்டிகளாக விற்கும் கெட்டி டோஃபுவான தௌக்குவா. அதைத் துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவியோ கனமான பாத்திரமோ வைத்து இருபது நிமிடம் நீரை வடியவிட்ட பிறகு, கையால் உதிர்த்து, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வதக்குங்கள். உப்பை முதலிலேயே போட்டால் நீர் விடும். கடைசியில் போடுவதே சரி. முட்டையின் வாசனை வேண்டும் என்று புத்தகம் ஒரு கருப்பு உப்பைக் கேட்டிருக்கும். அது இந்துப்பு அன்று. கந்தக வாடை உள்ள அந்த உப்பு, பொடியாக்கினால் மங்கிய இளஞ்சிவப்பாகத் தெரிவதால், பலர் இந்துப்பை வாங்கி வந்து வாசனையே இல்லையே என்று ஏமாறுகிறார்கள். லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் 'காலா நமக்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு சிட்டிகை தூவினால் போதும்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. நம் சைவத்தில் பாலும் நெய்யும் தேனும் விலக்கப்பட்டவை அல்ல, படையலுக்கே உரியவை. வீகன் என்ற சொல், பால் பொருள்களையும் முட்டையையும் சேர்த்தே தவிர்த்த டோனல்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் 1944இல் இங்கிலாந்தில் உருவாக்கிக்கொண்டது. தமிழில் அதை நனிசைவம் என்று எழுதுகிறார்கள். பினாங்கில் மூன்றாவது சைவம் ஒன்றும் உண்டு. ஒன்பது பேரரசர் திருவிழாக் காலத்தில் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கிடைக்கும் சீனச் சைவ உணவில் வெங்காயமும் பூண்டும் இராது. ஆனால் இறைச்சியைப் போலச் செய்யப்படும் சில பண்டங்களில் முட்டை வெள்ளைக்கருவோ பால் மாவோ சேர்ந்திருக்கும். ஆகவே ஒரு பொட்டலத்தில் சைவம் என்று அச்சிட்டிருப்பது உங்கள் மகளுக்கு உத்தரவாதம் ஆகாது. பால் இல்லாத கிரீமர் என்று விற்கப்படும் பொடியிலும் பாலின் புரதமான கேசினேட் இருப்பதுண்டு.

இனி கேக்குக்கு வருவோம். உங்கள் புத்தகத்தை எழுதியவரின் சமையலறை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருந்திருக்க வேண்டும். உங்களுடையது நண்பகலில் 31, 32 டிகிரியில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகிவிடும். அவருடைய ஊரில் அது வெண்ணெய் போல உறைந்திருக்கும், சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்கள் அந்த உறைந்த கொழுப்பில் நுண்ணிய காற்றறைகளைத் தோண்டும், கேக் உப்புவதற்கு அதுவே பாதி காரணம். நம் ஊரில் போத்தலில் தண்ணீராக ஓடும் எண்ணெயில் எந்தக் காற்றும் தங்காது. எவ்வளவு நேரம் அடித்தாலும் சர்க்கரை அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். அளந்த எண்ணெயைக் கிண்ணத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்துக்கு வந்ததும் எடுத்து அடியுங்கள். கல்லாக இறுகிவிட்டால் வெளியே வைத்தாலே சில நிமிடங்களில் இளகிவிடும்.

கேக் அமுங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். முட்டையில்லாத கேக்குகளில் ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்து எழுப்பும் வாயுவே மாவைத் தூக்குகிறது. அந்த வாயு இரண்டும் கலந்த நொடியிலேயே கிளம்பத் தொடங்குவதால், அடுப்பு சூடேறும்வரை மாவைக் காக்க வைத்தால் அவ்வளவும் வெளியேறிவிடும். அடுப்பு சூடேறிய பிறகுதான் வினிகரை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் தொலைபேசியை எடுக்கக் கூடாது. 350 என்று புத்தகம் சொல்வது ஃபாரன்ஹீட். நமக்கு அது 175 டிகிரி செல்சியஸ். மேசை மேல் வைக்கும் சிறிய அடுப்புகளில் முள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. உள்ளே வைக்கும் தனி வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்வது, இந்தப் புத்தகத்துக்காக நீங்கள் செய்யப்போகும் செலவுகளில் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.

கப் அளவைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மில்லிலிட்டர், இங்கே நாம் வாங்கும் அளவுக் கப் பெரும்பாலும் 250. இந்த வித்தியாசம் குழம்பில் தெரியாது, கேக்கிலும் அதிகம் தெரியாது. மாவைக் கப்பில் எப்படி நிரப்புகிறீர்கள் என்பதில்தான் கேடு வருகிறது. கரண்டியால் தளர்வாக அள்ளிப் போட்டால் ஒரு கப் மைதா 120 முதல் 125 கிராம். கப்பையே மாவில் அமுக்கி எடுத்தால் அதே கப் 150 கிராம் வரை போகும். தராசு வைத்திருங்கள், அளவைக் கிராமில் மாற்றிப் புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.

முந்திரிக் கிரீம் புளித்ததற்கும் இதே வெப்பம்தான் காரணம். இரவு முழுவதும் ஊறவைக்கச் சொன்னவர் குளிர்ந்த ஊரில் இருக்கிறார். தோசை மாவு கேமரன் மலையில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, பினாங்கில் எவ்வளவு சீக்கிரம் பொங்கி வழிகிறது என்று அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முந்திரியைப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, நீரை வடித்து, உடனே அரைத்துவிடுங்கள். ஊறவைத்தே ஆக வேண்டும் என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து ஊறவையுங்கள்.

தேங்காய்ப் பாலில் கவனம் தேவை. அரை மணி நேரம் கொதிக்கவிடுமாறு புத்தகம் சொல்வது, திரிந்துபோகாமலிருக்க நிலைப்படுத்தி சேர்த்த டின் பாலை மனத்தில் வைத்து. பசாரில் துருவிப் பிழிந்த புதுப் பாலை அப்படிக் கொதிக்கவைத்தால் எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரியும். சொதிக்குச் செய்வது போல இரண்டாம் பாலில் காயை வேகவைத்து, முதல் பாலை இறக்கும்போது ஊற்றுங்கள். சோயா பால் கேட்கும் காரமான பண்டங்களுக்குக் கடைத்தெருவில் விற்கும் சோயா பானத்தை ஊற்றிவிடாதீர்கள், அதில் சர்க்கரை இருக்கும். மேப்பிள் பாகுக்குப் பதிலாகத் தென்னை வெல்லமான குலா மெலாக்காவைக் காய்ச்சி வடிகட்டிய பாகு போதுமானது, எனக்கு அதுவே மேலாகவும் படுகிறது. டின்னில் அடைத்த பலாக்காய்க்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பசாரில் வாங்கிய பலாமூசை நறுக்கத் தெரிந்தவர்கள் நாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் புத்தகத்தையும் உங்கள் அனுபவத்தையும் நம்பாமல் விதியை நம்புங்கள். சிவப்பு ராஜ்மா சேர்ந்த குறிப்புகளில், பருப்பை அப்படியே மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் போடச் சொல்லியிருந்தால் அதைச் செய்யக் கூடாது. அந்தப் பயற்றில் இயல்பாக உள்ள ஒரு நச்சுப் புரதம் அழிய வேண்டுமானால், ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். அரைகுறையாக வெந்த ராஜ்மா பச்சையைவிடக் கெடுதல் செய்யும். கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிரஷர் குக்கரில் குழைய வேகவைத்தால் அச்சமில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்றால், பருப்பு, பயறு, காய்கறி அத்தியாயங்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் எதுவும் எதற்கும் மாற்றாக நடிப்பதில்லை, ஆகவே பிசகுவதும் குறைவு. முதல் முறை புத்தகம் சொன்னபடியே பாதி அளவில் செய்து, இரண்டாம் முறை ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். உப்பு, புளிப்பு, அடுப்பின் சூடு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. கேக்கைப் பாதியாக்கினால் அதைச் சுடும் பாத்திரத்தையும் சிறியதாக்க வேண்டும். கொண்டைக்கடலை வேகவைத்த நீரை முட்டை வெள்ளைக்கரு போல அடித்துச் சுடும் இனிப்புகள் கவர்ச்சியானவைதான், ஆனால் நம் ஈரக் காற்றில் அவை சில மணி நேரத்திலேயே பிசுபிசுத்து இளகிவிடும். இப்போதைக்கு அந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்லலாம். சீஸ் போலச் செய்யும் குறிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை, அவை கேட்கும் ஊட்டச்சத்து ஈஸ்ட் விலை அதிகம்.

ஆயினும் அந்த ஈஸ்டைப் பற்றி ஒரு விஷயம் உங்கள் மகளுக்கு வேண்டும். அதில் வைட்டமின் பி12 சேர்க்கப்பட்டதும் உண்டு, சேர்க்கப்படாததும் உண்டு. உறையைப் பார்த்தே வாங்க வேண்டும். பால் குடிக்கும்வரை அவளுக்குப் பாலிலிருந்து கிடைத்துவந்த அந்த வைட்டமின், காய்கறி, பருப்பு, கீரை எதிலிருந்தும் நம்பத்தக்க அளவில் கிடைக்காது. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயில் போதுமானது இருக்கிறது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. வைட்டமின் சேர்த்த உணவு தினமும் இல்லையென்றால் மாத்திரை வேண்டும், அதன் அளவை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு முடிவுசெய்யுங்கள்.

மாமியாரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழைப்பூ வடை, சொதி, தோசை, சுண்டல் இவற்றில் மாட்டுப் பாலே கிடையாது. அவருக்கே தெரியாமல் பாதி வீகன் சமையலை அவர் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார். சாம்பாரை நல்லெண்ணெயில் தாளிக்கச் சொல்லி, நெய்யை மற்றவர்கள் இலையில் மட்டும் விடலாம். பாயசத்துக்குத் தேங்காய்ப் பாலும் குலா மெலாக்காவும் இருக்கின்றன, முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துப் போடுங்கள்.