நிக்கல் எந்தக் கனிமத்துக்குள் ஒளிந்திருக்கிறது? – ராமநாதபுரம் கரையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தேவிபட்டினம் கரையில் பச்சை கலந்த கறுப்புக் கல் கிடைத்தது. காந்தம் லேசாகப் பிடிக்கிறது. 'செர்ப்பன்டைன், உள்ளே நிக்கல் இருக்கும்' என்கிறார்கள். உண்மையா?

உங்கள் கரைக்கு அடியில் மணல், களிமண், பவளச் சுண்ணாம்புக்கல். அதற்கும் கீழே கிலோமீட்டர் கணக்கில் படிவுப் பாறை. வழுதூர் மின்நிலையம் ஓடும் எரிவாயு அந்தப் படிவுகளிலிருந்து வருவதுதான். செர்ப்பன்டைன் உருவாகும் அல்ட்ராமாஃபிக் பாறை (மெக்னீசியமும் இரும்பும் மிகுந்த, சிலிக்கா குறைந்த பாறை) எதுவும் அங்கே கைக்கெட்டும் ஆழத்தில் இல்லை. ஆகவே உங்கள் கல் வெளியூர்க் கல். தூண்டில் வளைவுக்கும் கடலரிப்புத் தடுப்புக்கும் உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து சார்னோகைட் என்ற கடினமான கருங்கல் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. புதிதாக உடைத்த சார்னோகைட்டில் எண்ணெய் பூசியதுபோல ஒரு பச்சைச் சாயல் தெரியும். மாக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் இருப்பதால் காந்தமும் லேசாகப் பிடிக்கும். ஏமாறுவது இங்கேதான்.

பேனாக்கத்தியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். செர்ப்பன்டைனின் கடினத்தன்மை பெரும்பாலும் 2.5-லிருந்து 4 வரை. கத்தி தடம் போடும். சார்னோகைட்டில் கத்திதான் தேயும். அடுத்து, கல்லை நூலில் கட்டி ஸ்பிரிங் தராசில் எடை போடுங்கள், பிறகு வாளித் தண்ணீரில் முழுக மூழ்கடித்து இன்னொரு முறை. காற்றில் 532 கிராம், நீரில் 342 கிராம் என்றால் குறைந்தது 190. 532-ஐ அந்த 190-ஆல் வகுக்க 2.8 வரும், அதுதான் கல்லின் ஒப்படர்த்தி. அது சார்னோகைட் எல்லை. செர்ப்பன்டைனாக மாறிய பாறை 2.6-ஐ ஒட்டி நிற்கும். கனமான கல்லைக் கண்டு 'செர்ப்பன்டைன்' என்பது தலைகீழான முடிவு. பெரும்பாலும் ஆலிவின் கனிமத்தாலான அல்ட்ராமாஃபிக் பாறையான டுனைட் மாறாமல் இருந்தால்தான் 3.3, அது நீரை உள்வாங்கிச் செர்ப்பன்டைனாக மாறும்போது ஊதிப் பெருத்து அடர்த்தி குறைகிறது.

முதுகலை நிலவியல் படிக்கிறேன், ஊர் ராமநாதபுரம். சேலம் சுண்ணாம்புக்கரடு பகுதி செர்ப்பன்டைன் மாதிரி ஒன்றுக்கு லேப் அறிக்கை: நிக்கல் 2,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2,400 பங்கு), செம்பு 18 பிபிஎம், கந்தகம் 0.02%. கரைத்தது அக்வா ரீஜியாவில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை). இதைத் தாது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்தத் துறையில் ஆண்டுக்கணக்கில் பணத்தை விழுங்கிய தவறு இதுதான். ஆலிவின் கனிமத்தின் கட்டமைப்பிலேயே நிக்கல் உட்கார்ந்திருக்கிறது. எந்த டுனைட்டைக் கரைத்தாலும் 2,000 முதல் 3,000 பிபிஎம் வரை வருவது இயல்பு. உங்கள் 2,400 அந்தப் பாறையின் பிறவிக்குணம். சிலிகேட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் அந்த நிக்கலை, சல்ஃபைடு துகள்களை நுரையில் மிதக்கவிட்டு எடுக்கும் மிதப்பு முறையில் பிரிக்க முடியாது.

எனவே நிக்கல் எண்ணைத் தனியாகப் படிக்காமல், செம்பையும் கந்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நிக்கலின் முக்கிய சல்ஃபைடு கனிமமான பென்ட்லண்டைட்டில் நிக்கலும் கந்தகமும் ஏறக்குறைய சம எடை: 34, 33 சதவீதம். உங்கள் 0.02% கந்தகம் முழுவதும் பென்ட்லண்டைட்டுக்கே போனாலும் அது தாங்கக்கூடிய நிக்கல் சுமார் 0.02%, அதாவது 200 பிபிஎம். கந்தகம் குறைவாகக் கேட்கும் ஹீஸில்வுடைட் என்ற சல்ஃபைடாக (73% நிக்கல்) இருந்தால்கூட சுமார் 550 பிபிஎம்முக்கு மேல் போகாது. மிச்சம் சிலிகேட்டில். செம்பு 18 என்பதும் அதையே சொல்கிறது: சல்ஃபைடு திரவம் பிரிந்து சேர்ந்திருந்தால் செம்பும் அதனோடு சேர்ந்து நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கும்.

அக்வா ரீஜியாவைப் பற்றி ஒன்று. அது சல்ஃபைடை மட்டும் கரைக்கும் என்று நினைப்பது பரவலான பிழை. செர்ப்பன்டைன் மென்மையான சிலிகேட். சூடான அக்வா ரீஜியா அதையும் பெருமளவு பிய்த்துவிடும். அதனால் கிடைப்பது மொத்த நிக்கலும் இல்லை, சல்ஃபைடு நிக்கலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஓர் எண். லேப்புக்கு இரண்டு தனிச் சோதனைகள் எழுதிக் கொடுங்கள்: மொத்தத்துக்கு நான்கு அமிலக் கரைப்பு அல்லது உருக்கு முறை, சல்ஃபைடு பங்குக்கு அம்மோனியம் சிட்ரேட்–ஹைட்ரஜன் பெராக்சைடு கரைப்பு. கந்தகத்தைத் தனியாக எரிப்பு முறையில் அளக்கச் சொல்லுங்கள்.

ஒரேயொரு விதிவிலக்கை மறக்க வேண்டாம். செர்ப்பன்டைனாக மாறும்போது ஹைட்ரஜன் வெளியேறி ஆக்சிஜனும் கந்தகமும் வற்றிய சூழல் உருவானால், நிக்கல் இரும்போடு சேர்ந்து அவாருவைட் என்ற இயற்கை உலோகக் கலவையாகும். அதில் கந்தகமே இல்லை, முக்கால் பங்கு நிக்கல், காந்தம் பலமாகப் பிடிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெக்கார் பகுதியில் தேடப்படுவது இதுதான். மெருகேற்றிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, வெள்ளை வெளேரென்று மின்னும் துகள் உண்டா என்று உறுதிசெய்த பிறகே கோப்பை மூடுங்கள்.

அதே மாதிரியை வேறு இடத்தில் அரைத்துச் சலித்தோம். நிக்கலும் குரோமியமும் சேர்ந்து ஏறிவிட்டன. ஏன்?

சல்லடை என்ன உலோகம்? 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் சுமார் 18%, நிக்கல் சுமார் 8%. தேய்ந்த வலையிலிருந்து கொஞ்சம் தூள் விழுந்தாலே எண் மாறும். பித்தளை வலையென்றால் செம்பும் துத்தநாகமும் ஏறும். நைலான் வலை, அகேட் அல்லது தாழ்ந்த குரோமியம் எஃகுக் கிண்ணம் போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் தூய குவார்ட்ஸ் மணலை அரைத்துக் கொட்டுங்கள். அந்தக் குவார்ட்ஸையே 20 மாதிரிக்கு ஒன்றாக லேப்புக்கு அனுப்பினால் அழுக்கு எங்கே சேர்கிறது என்று தெரிந்துவிடும். கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும் கருவி) பயன்படுத்தினால் தூள் உலர்ந்திருக்க வேண்டும். கடலோர ஈரக்காற்றில் திறந்து வைத்த பொட்டலம் ஈரத்தை உறிஞ்சி எண்ணைத் தாழ்த்திக் காட்டும்.

சாயல்குடிப் பக்கத்துத் தேரி மண் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, நிக்கல் லேட்டரைட்டா?

இல்லை. தேரி, குவார்ட்ஸ் மணல்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லப் படிந்த காற்றடி மணல். நிக்கல் லேட்டரைட் உருவாக அடியில் அல்ட்ராமாஃபிக் பாறையே மக்க வேண்டும். ஒடிசாவின் சுகிந்தாவில் நடந்தது அது.

வைகை முகத்துவாரத்தில் வண்டல் எடுத்துச் சோதித்தால் மேலே மலையில் நிக்கல் இருப்பது தெரியுமா?

முகத்துவாரத்துக்கு வந்து சேரும் வண்டல் அணையையும் எண்ணற்ற கண்மாய்களையும் கடந்து வருகிறது. கனமான துகள்கள் வழியிலேயே தங்கிவிடும், எஞ்சியதும் பிற மண்ணோடு கரைந்துபோகும். தேட நினைக்கும் பாறைக்கு அருகிலுள்ள முதல் ஓடைகளில் எடுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் பூகோஷ் தளத்தில் வண்டல் மாதிரிகளின் வேதி எண்களும் வரைபடங்களும் இருக்கின்றன. சொந்தச் செலவில் நடப்பதற்கு முன் அதைப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடக் கூடாது.

மண்டபம் பக்கம் மின்காந்தக் கருவியைப் பயிற்சிக்காக இறக்கினோம். சில பத்து மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கருவி பழுதா?

கருவி நன்றாகத்தான் இருக்கும், தடுப்பது உப்பு. மின்காந்த அலை இறங்கும் ஆழத்தை மீட்டரில் கணக்கிட, பாறையின் மின்தடைத்திறனை (ஓம்-மீட்டரில்) அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503-ஆல் பெருக்குங்கள். 1,000 ஓம்-மீட்டர் கெட்டிப் பாறையில் 1,000 ஹெர்ட்ஸ் அலை சுமார் 500 மீட்டர் இறங்கும். உங்கள் உவர்க்களிமண் 1 ஓம்-மீட்டர். அதே அலை 16 மீட்டரில் சோர்ந்துவிடும்.

இது வீண் பயிற்சி இல்லை. 1966-இல் நிக்கல் கண்டுபிடிக்கப்பட்ட மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டா ஓர் உப்பேரிக் கரையில்தான் இருக்கிறது. அங்கே அடிப்படை அதிர்வெண்ணை 1 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறக்கி, நெடுநேரம் அளவுகளைச் சேர்த்து, அலையை நிறுத்திய பின் சமிக்ஞை எப்படித் தேய்கிறது என்று படிக்கிறார்கள். உப்பின் சமிக்ஞை சீக்கிரம் அடங்க, திண்ணிய சல்ஃபைடின் சமிக்ஞை நீண்டு நிற்கும். அதோடு போர்த் துளைக்குள்ளேயே உணரியை இறக்குகிறார்கள்.

காந்த வரைபடத்தை மட்டும் நம்பிப் போர் போடாதீர்கள். ஆலிவினிலிருந்து வெளியேறும் இரும்பு மாக்னடைட்டாகப் படிவதால் செர்ப்பன்டைன் முழுவதும் மேடாகத் தெரியும். தாது அதன் அடித்தொடர்பில் ஒரு சிறு வில்லையாகவே இருக்கலாம். கரியமில வாயு புகுந்து டால்க்–மேக்னசைட்டாக மாறிய இடத்தில் மாக்னடைட் அழிந்து பள்ளமாகவும் தெரியும்.

கீழக்கரை. ஓமானில் சர்வே குழுவில் வேலை. இங்கே மலை முழுக்கச் செர்ப்பன்டைன், ஆனால் செம்புச் சுரங்கங்கள் வேறு பாறையில். ஏன்?

நீங்கள் நிற்பது பழைய கடல்தரை. அடியில் மேன்டில் பாறை (புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு), அதன்மேல் கேப்ரோ என்ற கருநிற ஆழ்பாறை, உச்சியில் கடலுக்கடியில் உறைந்த தலையணை எரிமலைப் பாறை. சோஹார் அருகே லசைல், பைதா, ஆர்ஜா சுரங்கங்களின் செம்பு அந்த உச்சி அடுக்கில், கடலடி வெந்நீர் ஊற்றுகள் படியவைத்தது. செர்ப்பன்டைனுக்குள் அதைத் தேடினால் கிடைக்காது. வெள்ளைப் பாலேடு படிந்து குமிழி விடும் காரநீர் ஊற்றுகளும் (பிஎச் 11-க்கு மேல்) பாறை இன்றும் மாறிக்கொண்டிருப்பதற்கே அடையாளம், தாதுவுக்கு இல்லை. பின்லாந்தின் அவுட்டோகும்புவில் செர்ப்பன்டைனை ஒட்டியே செம்பு கிடைத்தது. அங்கும் செர்ப்பன்டைன் உடலுக்குள் தேடியவருக்கு ஒன்றுமில்லை, ஓரத்துக் கருஞ்சிஸ்டை (கறுப்பு அடுக்குப் பாறை) தொடர்ந்தவருக்குத்தான் கிடைத்தது.

பச்சைக் கறை கண்டால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு. நுரைத்தால், அந்த ஈரத்தில் சுரண்டிய புது இரும்பு ஆணியைத் தேயுங்கள். சிவந்தால் செம்பு, அது மாலகைட். நுரைக்காமல் ஆணியும் சிவக்காவிட்டால் செர்ப்பன்டைனாகவோ நிக்கல் சிலிகேட்டாகவோ இருக்கலாம்.

என் மகன் ஓமானில் பாறையில் துளை போடும் போர் குழுவில் இருக்கிறான். செர்ப்பன்டைன் தூசி கெடுதல் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

அம்மா, கவனம் வேண்டிய விஷயம்தான். செர்ப்பன்டைன் குடும்பத்தில் கிரைசோடைல் ஆஸ்பெஸ்டாஸும் ஒன்று. பாறையில் பட்டு நூல்போல வெண்பச்சை நரம்பாக ஓடும், நகத்தால் சுரண்டினால் பஞ்சாகப் பிரியும். அந்த இழை நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தும் வரலாம். மகனிடம் சொல்லுங்கள்: கோர் எனப்படும், போரில் எடுத்த பாறை உருளையை உலர்ந்தபடி உடைக்கவோ ரம்பம் போடவோ கூடாது, எப்போதும் தண்ணீர் ஓட வேண்டும். துணி முகக்கவசம் உதவாது. முகத்தோடு பொருந்தும் பி100 வடிகட்டி மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அது பொருந்தாது. இழை தெரிந்த கோர் துண்டை ஈரமாகவே இரட்டைப் பையில் கட்டி எழுதி வைக்கட்டும். கோர் பெட்டியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். வேலை உடுப்பை அறைக்குக் கொண்டுபோய் உதறாமல், தளத்திலேயே நனைத்துத் துவைக்கட்டும்.