செவனில் ஒரு முன்சக்கரம் மட்டும் லாக் ஆவது ஏன்? நான்கு மூலை எடையைச் சரிசெய்யும் முறை

வாசகர் கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 2011-ல் தயாரான கேட்டர்ஹாம் செவன் (எடை குறைந்த, இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஃபோர்டு சிக்மா 1.6 எஞ்சின், வலதுபக்க ஸ்டியரிங், பின்னால் டி டியான் அமைப்பு (இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே குழாய் இணைக்கும் சஸ்பென்ஷன்). அழுத்திப் பிரேக் பிடித்தால் இடது முன்சக்கரம்தான் எப்போதும் முதலில் லாக் ஆகிறது, அதாவது சுழலாமல் நின்று வழுக்குகிறது. மேடுபள்ளச் சாலையில் வண்டி நேராக நிற்காமல் அலைகிறது. டயர் கடையில் வீல் அலைன்மென்ட் செய்தும் மாற்றமில்லை. இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். சமமான தரை, நான்கு எடைப் பலகைகள், ஸ்பிரிங் தட்டைத் திருகும் ஒரு சி-ஸ்பானர், ஒரு முழு நாள் இருந்தால் போதும். அலைன்மென்ட் பலன் தராததில் வியப்பில்லை. டயர் கடையில் உங்கள் காரை நீங்கள் உட்காராமல் அளந்திருப்பார்கள். ஒன்றரை டன் குடும்பக் காருக்கு அது பரவாயில்லை. அங்கே 80 கிலோ ஓட்டுநர் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான். செவனில் கதை வேறு. 1957-ல் காலின் சாப்மனின் லோட்டஸ் கொண்டுவந்த செவனின் உரிமையை 1973-ல் கேட்டர்ஹாம் வாங்கியது. அன்றிலிருந்து அந்த நிறுவனம் எடையைக் குறைவாக வைப்பதையே முதல் வேலையாகச் செய்துவருகிறது. 2021-ல் வந்த செவன் 170-இன் எடை 440 கிலோதான். அதில் 80 கிலோ ஆள் ஏறினால் வண்டி எடையில் 18 சதவீதம் ஒரே பக்கத்தில் வந்து உட்காருகிறது. உங்கள் வண்டி அதைவிடச் சற்றுக் கனமானது, ஆனால் கணக்கு அதேதான். செவனில் ஓட்டுநரைச் சேர்க்காமல் எடுத்த எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

ஸ்பிரிங்கில் கை வைப்பதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் எடை சரிசெய்யும் வேலை வீண்.

முதலில் டயர் காற்று. செவனின் சாலை டயருக்குக் குளிர்ந்த நிலையில் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வழக்கம். எம்.ஓ.டி. என்ற ஆண்டு வாகனத் தகுதிச் சோதனைக்கோ டயர் மாற்றவோ போய்வந்த செவன்களில் 30-க்கு மேல் காற்று இருப்பது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் மற்ற கார்களுக்கு அடிக்கும் பழக்கத்தில் அடித்துவிடுகிறார்கள். அவ்வளவு காற்றில், இத்தனை குறைந்த எடைக்கு டயர் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். சிறு மேட்டிலும் வண்டி துள்ளும், சக்கரம் சட்டென்று லாக் ஆகும். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளிலும் பாதி இதனாலேயே வரலாம்.

இரண்டாவது டயரின் வயது. செவன் வருடத்துக்குக் கொஞ்ச தூரமே ஓடும், அதனால் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டிப்பட்டுவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1416 என்றால் 2016-இன் 14-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரில் பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும், அதை வைத்து வண்டியின் நடத்தையை முடிவுசெய்ய வேண்டாம்.

மூன்றாவது பிரேக். இடது சக்கரம் லாக் ஆகிறதென்றால் இடதில் குறை என்று எண்ணத் தோன்றும். வலது கேலிப்பர் (பிரேக் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அசையாமல் இறுகிப்போய்ச் சரியாகப் பிடிக்காவிட்டாலும் அறிகுறி ஏறக்குறைய இதேபோல் இருக்கும், ஏனென்றால் நீங்கள் பெடலை இன்னும் அழுத்துவீர்கள், ஒழுங்காக வேலை செய்யும் இடது சக்கரம் எல்லை தாண்டும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. லாக் ஆகும் அளவுக்கு அழுத்தாமல், மிதமாகப் பிரேக் பிடிக்கும்போதே வண்டி இடப்பக்கம் இழுத்தால் வலது கேலிப்பரைச் சந்தேகியுங்கள். மிதமான பிரேக்கில் நேராக நின்று, கடும் பிரேக்கில் மட்டும் இடது லாக் ஆனால் எடைப் பகிர்வைச் சந்தேகியுங்கள். பல முறை பிரேக் பிடித்து நிறுத்தியதும் இரண்டு முன் டிஸ்குகளின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால் இன்னும் உறுதியாகும். குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டிகளில் கேலிப்பர் இறுகுவது சாதாரணம்.

நான்காவது, பின்பக்கத்து ஏ-ஃப்ரேம் புஷ். டி டியான் குழாயின் அடியில் நடுவில் இருக்கும் இந்த ரப்பர்தான் பின் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. சாலை மணலும் நீரும் நேராக அடிக்கும் இடம் என்பதால் அது சீக்கிரம் கெடும். தேய்ந்தால் பின் அச்சு சிறிது ஆடும், வண்டி பின்னாலிருந்து ஸ்டியர் ஆவதுபோல் அலையும், பிரேக் விட்டு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ‘டொக்’ என்று சத்தம் வரும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு நெம்புகோலால் குழாயைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் மாற்றிவிட்டு மேலே படியுங்கள். முன்பக்க டிராக் ராட் முனைகள், ஸ்டியரிங் ரேக் கிளாம்புகள், வீல் பேரிங் ஆகியவற்றையும் அதே நேரத்தில் ஆட்டிப் பார்த்துவிடலாம்.

இனி எடை. ஒரு நாற்காலியின் கால் குட்டையாக இருந்தால் எதிர்மூலைக் காலோடு சேர்ந்து அது பாரமில்லாமல் நிற்கும், மற்ற இரண்டு கால்கள் பாரத்தை ஏற்கும். காரிலும் இதேதான் நடக்கிறது. ஒரு மூலையின் ஸ்பிரிங் தட்டை (ஸ்பிரிங்கைத் தாங்கும், திருகி ஏற்றி இறக்கக்கூடிய வளையம்) உயர்த்தினால் அந்த மூலையிலும் அதன் எதிர்மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டிலும் குறையும். முன்பின் விகிதமும் இடவல விகிதமும் ஸ்பிரிங் தட்டைத் திருகுவதால் மாறாது. பேட்டரி, இருக்கை, எரிபொருள் என்று எதையாவது இடம் மாற்றினால்தான் அவை மாறும். உங்கள் கையில் இருப்பது மூலைவிட்டம், அதாவது எதிரெதிர் மூலை ஜோடிகளுக்கு இடையிலான எடைப் பகிர்வு, ஒன்றுதான்.

மூலைவிட்டம் கெட்டிருக்கிறதா என்பதை ஓட்டும்போதே ஊகிக்கலாம். வலது முன், இடது பின் ஜோடியில் எடை கூடுதலாக இருந்தால் இடது வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும், வலது வளைவில் பின்பக்கம் நழுவப் பார்க்கும். இங்கிலாந்தில் ரவுண்டானாவை வலப்பக்கமாக வளைத்துச் சுற்றுவதால், மழை நாளில் ரவுண்டானாவில் பின்பக்கம் சட்டென்று விலகுகிறது என்று பல செவன் உரிமையாளர்கள் சொல்வதன் பின்னணியில் இதுவும் இருக்கலாம். இப்படி ஆவதற்குக் காரணங்கள் எளியவை. உதிரிப் பாகங்களாக (கிட்டாக) வாங்கி வீட்டில் பூட்டிய வண்டியை எடைப் பலகையிலேயே ஏற்றாமல் விட்டிருப்பார்கள். முந்தைய உரிமையாளர் 95 கிலோ, நீங்கள் 65 கிலோ என்றிருக்கலாம். சரிவான தரையில் வண்டி சாய்ந்து தெரிகிறதே என்று ஒரு மூலையை மட்டும் யாராவது திருகியிருக்கலாம்.

தரையைத் தயார்செய்வதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கார் நிறுத்தும் அறைகளின் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகவே இருக்கும். நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயாலோ லேசர் மட்டத்தாலோ நான்கு பலகைகளின் மேற்பரப்பும் ஒரே உயரத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். தாழ்ந்த இடத்தில் மெல்லிய பிளைவுட் துண்டுகளையோ வினைல் ஓடுகளையோ வையுங்கள். 1 மி.மீ.க்குள் கொண்டுவருவது நல்லது. குளியலறை எடைக் கருவிகள் வேண்டாம். அவற்றில் பல 150 கிலோவோடு நின்றுவிடும், பின் மூலைகள் அதைத் தாண்டும். கார்களுக்கான நான்கு பலகைத் தொகுப்பை வாடகைக்கு எடுப்பதே சரி.

டயர் காற்றைச் சரியாக்குங்கள். டேங்கைப் பாதி நிரப்புங்கள். பத்து லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஏழரை கிலோ, டேங்க் இருப்பதோ இருக்கைகளுக்குப் பின்னால். ஓட்டுநர் இருக்கையில் நீங்களே உட்கார்ந்து இன்னொருவர் எண்களைக் குறிப்பது மிகச் சிறந்தது. தனியாகச் செய்கிறீர்கள் என்றால் தண்ணீர் கேன்கள் உதவும். 20 லிட்டர் கேன் ஒன்றுக்கு 20 கிலோ, அவற்றில் பெரும்பகுதியை இருக்கையிலும் சிறு பகுதியைக் கால் வைக்கும் இடத்திலும் வையுங்கள். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது முறுக்கிக்கொண்டு பொய்யான எண்ணைக் காட்டும். ஆனால் ஒன்று கவனம்: பழைய செவன்களில் ஆன்டி ரோல் பாரே, சக்கரத்தைத் தாங்கும் மேல் விஷ்போனின் ஒரு கையாகவும் வேலை செய்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் அதைக் கழற்றவே கூடாது.

ஜாக்கை அலுமினியத் தரைத் தகட்டிலோ எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பிலோ வைக்காதீர்கள். சாசிக் குழாய்கள் சந்திக்கும் மூலைகளில் மரக்கட்டை வைத்துத் தூக்குங்கள். இறக்கியதும் டயர்கள் பக்கவாட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வராது. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை வைத்தால் அவை வழுக்கிச் சரியாகும். பிறகு முன்னும் பின்னும் வண்டியை அழுத்தி ஆட்டிவிட்டு எண்ணைப் படியுங்கள்.

எடைக்கு முன் உயரம். முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் சாசியின் அடிக்குழாய் வரை அளந்தால், பின்பக்கம் 15 மி.மீ. அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் முன்பக்கம் மந்தமாகும், கூடினால் பின்பக்கம் நிலைகொள்ளாது. சம்ப்பின் தாழ்ந்த புள்ளிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். நீங்கள் தினமும் கடக்கும் வேகத்தடை அதில் உரசுமானால் எந்த அமைப்பும் பயன்படாது.

உங்கள் அறிகுறிக்குப் பொருந்தும் ஒரு மாதிரிக் கணக்கு: இடது முன் 132, வலது முன் 174, இடது பின் 176, வலது பின் 170. மொத்தம் 652 கிலோ. வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்து 350, அதாவது 53.7 சதவீதம். சமமாக்க வேண்டுமானால் 326 ஆக வேண்டும், எனவே ஒவ்வொரு மூலையிலும் 12 கிலோ நகர வேண்டும். வலது முன், இடது பின் தட்டுகளை அரைச்சுற்று இறக்குங்கள். இடது முன், வலது பின் தட்டுகளை அரைச்சுற்று ஏற்றுங்கள். நான்கையும் ஒரே அளவில் நகர்த்தினால் வண்டியின் உயரம் கெடாது. அரைச்சுற்றுக்கு எத்தனை கிலோ மாறியது என்று குறித்துக்கொண்டால் மீதி எத்தனை சுற்று என்பது உடனே தெரிந்துவிடும். திருகும் முன் மரையைத் தூரிகையால் சுத்தம் செய்து, துருநீக்கி எண்ணெய் அடித்து, சக்கரத்தைத் தொங்கவிட்டே திருகுங்கள். பாரத்தோடு திருகினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். தட்டை மிகவும் இறக்கிய மூலையில், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பழைய சாலை வகை ஷாக் அப்சார்பர்களில் மரையே இருக்காது, வளையம் மாட்டும் காடிகள் மட்டுமே இருக்கும். அவற்றில் இவ்வளவு நுட்பமாகச் சரிசெய்ய முடியாது.

சரியாக 50 சதவீதம் வந்தால் எண்கள் அதே வரிசையில் 144, 162, 164, 182 என்று நிற்கும். ஆனால் முன்சக்கரங்களில் இன்னும் 18 கிலோ வித்தியாசம் பாக்கி. முன்னிரண்டையும் 153-ஆகச் சமமாக்கினால் பின்னிரண்டும் 155, 191 என்று பிரிந்துவிடும். எது நல்லது? செவனில் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. லாக் ஆகும் சக்கரத்தை விடுவிக்க உங்கள் கால் மட்டுமே உண்டு. அதனால் பெரும்பாலும் தனியாக ஓட்டுபவருக்கு நான் முன்பக்கச் சமத்தையே பெரிதாக நினைப்பேன், ஆனால் கடைசி வரை போகமாட்டேன். 149, 157, 159, 187 என்ற இடத்தில் நிறுத்தினால் முன்பக்க வித்தியாசம் 8 கிலோவாகக் குறையும், மூலைவிட்டம் 48.5 சதவீதத்தில் நிற்கும். இடது, வலது வளைவுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு தெரியாது. ரேஸ் டிராக்கில் நேரம் பார்ப்பவர்கள் 50-ஐ ஒட்டியே வைக்க விரும்புவார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். இருக்கை பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதால் அவருடைய எடையில் பெரும்பகுதி இடது பின்சக்கரத்துக்கே போகும்.

அலைன்மென்ட் இதற்குப் பிறகுதான், அதே எடை இருக்கையில் இருக்கும்போதே. முதலில் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), பிறகு டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), ஏனென்றால் கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். சாலைக்கும் எப்போதாவது டிராக்குக்கும் என்றால் முன் கேம்பர் மைனஸ் ஒன்றரை டிகிரி அளவு போதும். டோவை இணையாகவோ மிகச் சிறிது உள்நோக்கியோ வையுங்கள். வண்டியின் இருபுறமும் இணையாக நூல் கட்டி, சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் அளக்கலாம். 13 அங்குல விளிம்பில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது சுமார் 10 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி). முன்சக்கரங்கள் வெளிநோக்கி இருந்தால் வளைவில் சட்டென்று திரும்பும், ஆனால் சாலைக் கோடுகளையும் பள்ளங்களையும் தேடிப் போகும். உங்கள் அலைச்சலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். டி டியானில் பின் டோவைச் சாதாரணமாகத் திருகிச் சரிசெய்ய முடியாது. அங்கே எண் தவறாக வந்தால் குழாயின் முனை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன்டி ரோல் பாரைத் திரும்ப மாட்டும்போது, ஓட்டுநர் எடையோடு வண்டி நிற்கும் நிலையில் அதன் இணைப்பு இழுக்காமல் தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் இணைப்பின் நீளத்தை மாற்றுங்கள், வலிந்து மாட்டினால் இவ்வளவு நேரம் சரிசெய்த மூலைவிட்டம் கெட்டுவிடும். எல்லாப் பூட்டு நட்டுகளையும் கையேட்டில் உள்ள முறுக்கு விசை (டார்க்) அளவுக்கு இறுக்கிப் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள், 100 மைல் ஓடியபின் மறுபடி பாருங்கள். முன்பின் உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட் ஒளியின் கோணமும் மாறியிருக்கும். அடுத்த எம்.ஓ.டி.க்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள், சோதனைக்குக் கொடுக்கும்போது டயர் காற்றில் கை வைக்க வேண்டாம் என்று ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.