சுங்கத்தில் நிற்கும் செடியும் மரமும்: கேள்வி–பதில்

கேள்வி: வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் வாங்கிய வேர்விட்ட செடிகளை, தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லை என்று தடுத்துவைத்திருக்கிறார்கள். கெடு முடிந்தால் அழித்துவிடுவார்களாம். சான்றிதழைப் பிறகு அனுப்புகிறேன் என்கிறார் விற்றவர். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். அந்தச் சான்றிதழை ஏற்றுமதி நாட்டின் அரசுத் தாவரப் பாதுகாப்பு அமைப்புதான் தர முடியும். அதுவும் செடிகள் புறப்படும் முன் பரிசோதனை நடந்திருந்தால் மட்டுமே. யாரும் பார்க்காமல் அனுப்பிவிட்ட செடிகளுக்கு நேர்மையான சான்றிதழ் இனிக் கிடைக்காது. சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, விதிக்கு உட்படாத சரக்கைத் தடுத்துவைக்கவும், பூச்சி நீக்கச் சிகிச்சைக்கு உட்படுத்தவும், திருப்பி அனுப்பவும், அழிக்கவும் இறக்குமதி நாட்டுக்கு உரிமை உண்டு. இவற்றில் எது உங்களுக்கு அனுமதிக்கப்படுகிறது என்று கேட்டு, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். தடுப்பு அறிவிப்பின் நகலை இணைத்து, பணம் செலுத்திய தளத்தில் இன்றே முறையிடுங்கள். தவறு உங்களுடையது அன்று. அனுப்பக் கூடாத பொருளைப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியவருடையது.

கேள்வி: பார்சலில் "பரிசுப் பொருள்" என்று எழுதினால் சோதிக்க மாட்டார்கள் என்கிறார் விற்பவர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கூடாது, பொய் அறிவிப்பு தனிக் குற்றம், அதற்குப் பொறுப்பாளி நீங்களும்தான்.

கேள்வி: நான் வாங்கியது இரும்பு இயந்திரம். அது வந்த மரப்பெட்டிக்காகச் சரக்கையே நிறுத்திவிட்டார்கள். இது என்ன நியாயம்?

பதில்: நியாயமானதுதான். எனக்கு நெடுநாள் கோபம், பெட்டி மரத்துக்கும் விதி உண்டு என்று அறிவிக்காமல் விற்பவர்கள்மேல். 1996இல் நியூயார்க்கில் ஆசிய நீள்கொம்பு வண்டும், 2002இல் மிச்சிகனில் மரகத ஆஷ் துளைப்பான் வண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டும் பொதிமரத்தில் ஒளிந்தே வந்தவை என்று கருதப்படுகிறது. பின்னது வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. இத்தகைய பரவலைத் தடுக்கவே 2002இல், பொதிமரத்துக்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேசத் தரவிதி வந்தது. அதன்படி, பதப்படுத்தாத பொதிமரத்தின் உட்பகுதி முழுவதும் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும், அல்லது விதி ஏற்கும் வேறொரு சிகிச்சை நடந்திருக்க வேண்டும். கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறியீடு, தயாரிப்பாளர் எண், சிகிச்சைக் குறியீடு ஆகியவை அடங்கிய முத்திரை பெட்டியில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒட்டுப்பலகைக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய மரத்துக்கும் இவ்விதி இல்லை. விலையுயர்ந்த இயந்திரத்தை முத்திரையில்லாத பழைய பலகைகளில் அடைத்து அனுப்புகிறவர், வாங்குபவரின் பணத்தோடு அவருடைய நாட்டு மரங்களையும் பணயம் வைக்கிறார். இயந்திரத்தைப் பிரித்தெடுத்து, பெட்டியை மட்டும் சிகிச்சைக்கோ அழிப்புக்கோ ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். செலவை விற்றவரிடம் எழுத்தில் கோருங்கள்.

கேள்வி: ரோஸ்வுட் நாற்காலிகள் வாங்கினேன். அனுமதி கேட்கிறார்கள். என்ன மரம் என்று நான் விசாரிக்கவில்லை; பார்க்க அழகாக இருந்தது.

பதில்: இவ்வளவு பணம் கொடுக்கும்போது விசாரித்திருக்க வேண்டாமா? ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. இரண்டாம் பட்டியலில் உள்ள பெரும்பாலான டால்பெர்ஜியா இனங்களில், ஒரு சரக்கில் 10 கிலோ வரையிலான முழுமையடைந்த பொருள்களுக்கு விலக்கு உண்டு; நாற்காலிகள் அந்த எடையைத் தாண்டியிருக்கும். மற்றவற்றுக்கு ஏற்றுமதி அனுமதி, சரக்கு கிளம்புமுன் பெறப்பட்டிருக்க வேண்டும். செதுக்குப் பலகை ஒன்றை, அனுமதிச்சீட்டு இருப்பதாக உறுதி கூறிய விற்பனையாளரிடம் நானும் வாங்கினேன். சீட்டும் வரவில்லை, பலகையும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அன்று முதல், மரத்தின் அறிவியல் பெயரும் அனுமதிச்சீட்டின் நகலும் கைக்கு வராமல் நான் முன்பணம் தருவதில்லை.

கேள்வி: எங்கள் மரச் சட்டகச் சரக்கைக் காரணம் சொல்லாமலே நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆவணங்கள் எல்லாம் சரியாக உள்ளன.

பதில்: உங்கள் பக்கம் உரிமை இருக்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி உடன்படிக்கை, பரிசோதனைக்காகச் சரக்கு தடுக்கப்பட்டால் இறக்குமதியாளருக்கோ சரக்கைக் கொண்டுவந்தவருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. சுங்க முடிவின்மேல் மேல்முறையீட்டுக்கும் அதில் இடமுண்டு. காரணம், பொருந்தும் சட்டப்பிரிவு, பதில் கெடு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். ஆய்வக முடிவு பாதகமாக வந்தால் இரண்டாம் பரிசோதனை கோருங்கள். பிணைப்பத்திரத்தின்மேல் தற்காலிக விடுவிப்பு உங்கள் நாட்டுச் சட்டத்தில் உண்டா என்று சுங்க முகவரிடம் விசாரியுங்கள். சரக்கு வெறும் தடுத்துவைப்பில் இருக்கிறதா, கைப்பற்றப்பட்டுவிட்டதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு பொதுவாக எழுத்து உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும்.