கறுப்பு அடித்தால் கோபம் என்று அர்த்தமா?

அன்புள்ள மேடம்,

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 41. என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பல வருடமாக மாத்திரை எடுக்கிறான், இப்போது ஓரளவு நிதானமாக இருக்கிறான். அவனைப் போன்றவர்களும் அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுமாகச் சனிக்கிழமை சாயந்திரம் ஒரு ஹாலில் கூடுகிறோம். காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி, எர்ணாவூர் என்று பல பக்கத்திலிருந்தும் வருவார்கள். முதலில் டீ குடித்துவிட்டு மாத்திரை, தூக்கம், உதவித்தொகை என்று பேசுவதோடு சரி. பேச வராதவர்கள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் வரைவது, எழுதுவது என்று ஆரம்பித்தோம். எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதால் நடத்தும் வேலையும் என் தலையில் வந்துவிட்டது.

எர்ணாவூரிலிருந்து ஒரு அண்ணன் வருவார். மீன்பிடித் தொழில். பேப்பர் கொடுத்தால் ஓரம்கூட விடாமல் கறுப்புக் கிரேயானால் அடித்துவிடுவார். எங்களுக்கு உதவ வரும் தன்னார்வலர் ஒருவர் அதைப் பார்த்து, எல்லார் முன்னாலும், "உங்க மனசுல நிறைய கோபம் இருக்கு, சின்ன வயசுல அம்மாகிட்ட ஏதோ பிரச்சினை இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். அண்ணன் பேப்பரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. அவர் மனைவியை மார்க்கெட்டில் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைத்தான் வரைகிறார் என்றார்.

அர்த்தம் சொல்லக் கூடாது என்றால் வேறு என்ன கேட்பது? என்னென்ன செய்யச் சொல்லலாம்? பேப்பர், கலர் வாங்கித் தரும் ஒருவர், ஆண்டு விழாவில் இந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்து, வரைந்தவர்களோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாம் என்கிறார். சரி என்று சொல்லலாமா?

இன்னொன்று. என் தம்பி உள்ளேயே வருவதில்லை. டீக்கிளாஸோடு வாசலில் நிற்கிறான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வரைகிறார்கள்.

ஆர்., தண்டையார்பேட்டை

*

அன்புள்ள ஆர்.,

கறுப்புக்குக் கோபம், நீலத்துக்குச் சோகம் என்று அட்டவணை எதுவும் கிடையாது. வீடு, மரம், மனிதர் வரையச் சொல்லிப் பார்க்கும் உளவியல் சோதனை 1948 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் பயிற்சி பெற்றவர்களே ஒற்றைப் படத்தை வைத்து முடிவுக்கு வர மாட்டார்கள். அதை எவ்வளவு நம்பலாம் என்ற சண்டை துறைக்குள் இன்னும் ஓயவில்லை. அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் அம்மா வரை போவது அத்துமீறல். தன்னார்வலரிடம் இதைத் தனியாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மனைவி சொன்னதையும் நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் மிதந்ததும், படகும் வலையும் கறுத்துப்போனதும் உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அந்த விளக்கம் நமக்குச் சட்டென்று பொருந்துகிறது. அவர் வாயால் வராத வரை அதுவும் ஊகம்தான். அவரிடம் நீங்களே போனில் பேசுங்கள். "அன்னிக்கு அப்படிச் சொன்னது சரியில்லண்ணே, இனிமே யாரும் அப்படிப் பேச மாட்டாங்க, உங்க இடம் இருக்கு." அவ்வளவு போதும். மனைவியைப் பார்த்ததையோ எண்ணெயையோ நீங்களாக எடுக்க வேண்டாம்.

என்ன கேட்பது? "வரையும்போது எப்படி இருந்துச்சு?" "இதப் பத்தி ஏதாவது சொல்லணுமா, அப்படியே வச்சுக்கலாமா?" இந்த இரண்டே பெரும்பாலும் போதும். 'ஒண்ணும் இல்லக்கா' என்பதும் முழுப் பதில்தான். இதில் பலர் கவனிக்காத ஒன்று பாராட்டு. "சூப்பரா இருக்கு" என்று ஒருவரிடம் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தன் பேப்பரைக் கவிழ்த்து வைப்பார். அடுத்த வாரம் அவர் வரைவது உங்களுக்காக இருக்கும். பாராட்டுக்குப் பதிலாகக் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "ஓரம் வரைக்கும் அடிச்சிருக்கீங்க."

பயிற்சிகளுக்கு வருகிறேன். உங்கள் குழுவில் மனச்சிதைவு உள்ளவர்கள் இருப்பதால், கண்ணை மூடிக் கற்பனை செய்வது, 'மனசுக்குள் இருக்கும் இருட்டை வரைங்க' என்பது போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இந்த நோயில் சிலருக்கு யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கும், கண்ணை மூடினால் அந்தக் குரல் பெரிதாகலாம். கைக்கும் கண்ணுக்கும் பிடிமானம் தரும் வேலைகள் நல்லது. புள்ளிக் கோலம் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடுவதால் சிதறும் மனசுக்கு அது இதமாக இருக்கும். பழைய பத்திரிகைப் படங்களைக் கிழித்து ஒட்டுவது (கத்தரிக்கோல் தேவையில்லை, கையால் கிழிப்பதிலேயே ஒரு சுகம் உண்டு), களிமண் பிசைவது, வலைக் கயிற்றில் முடிச்சுப் போடுவது இவையும் அந்த வகைதான். காசிமேட்டிலிருந்து வருபவர்கள் முடிச்சை உங்களுக்குக் கற்றுத்தரட்டும். நோயாளி என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தவர் அன்றைக்கு வாத்தியார் ஆவார்.

இன்னொரு விஷயம், அனுபவத்தில்தான் தெரியும். சில மாத்திரைகள் கை நடுக்கம் தரும். மெல்லிய பென்சிலும் சின்னக் கட்டங்களும் கொடுத்தால், "எனக்கு வராது" என்று தள்ளி வைத்துவிடுவார்கள். தடித்த கிரேயான், கரித்துண்டு, ஸ்பாஞ்ச், மண் என்று கொடுத்துப் பாருங்கள். பெரிய சார்ட் பேப்பரைத் தரையில் விரித்துவிடலாம். ஆண்டர்சன் தெருவில் வெட்டி மிஞ்சிய பேப்பர் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். களிமண்ணுக்குக் கொசப்பேட்டையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

நேரம் முக்கால் மணி போதும். 2016-ல் அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிடம் விருப்பப்படி வரையவும் களிமண்ணில் ஏதாவது செய்யவும் விட்டுப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன்னே வரைந்து பழகியவரா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. சின்ன ஆய்வு, நோய் இல்லாதவர்களிடம் நடந்தது. அதனால் மாத்திரைக்குப் பதில் கிரேயான் என்று யாராவது கிளம்பினால் அப்போதே தடுத்துவிடுங்கள்.

எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். மனக்காயத்தைப் பற்றித் தொடர்ந்து சில நாள் கால் மணி நேரம் எழுதுவது நாளடைவில் உடம்புக்கு நல்லது செய்கிறது என்று 1986-ல் பென்னபேக்கர், பீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. ஆனால் எழுதி முடித்த உடனே அந்த மாணவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. அப்படியே எர்ணாவூருக்கும் வியாசர்பாடிக்கும் பஸ் ஏற்றி அனுப்பினால் ராத்திரி யார் கூட இருப்பார்கள்? எனவே 'மறக்க முடியாத துக்கம்' போன்ற தலைப்பு வேண்டாம். இந்த வாரத்தை ஒரே கோடாக வரையச் சொல்லுங்கள், ஏறியது எங்கே, இறங்கியது எங்கே என்று. எழுதத் தெரியாதவர்களும் செய்யலாம். கடைசிப் பத்து நிமிடம் பேப்பரை எல்லாம் எடுத்து வைத்து, டீ, ஊர்க்கதை என்று இறங்கி வரட்டும்.

யாராவது சாவைப் பற்றி எழுதினாலோ வரைந்தாலோ, ஊகிக்காதீர்கள் என்ற விதி அங்கே செல்லாது. தனியாக அழைத்து நேராகவே கேளுங்கள்: "உயிர விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல், வீட்டாரோடு ஸ்டான்லி மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கண்காட்சி வேண்டாம் என்பது என் கருத்து. குறைந்தது இந்த வருடம் வேண்டாம். பார்வையாளர் வரப்போகிறார் என்று தெரிந்தாலே கை மாறிவிடும், கறுப்பு அடிப்பவர்கூடச் சூரியகாந்தி வரைவார். பேப்பர் வாங்கித் தருபவர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் படம் வரைந்தவருடைய சொத்து. யாராவது தானாக விரும்பினால், அவரே படத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், பெயர் போடலாமா என்று அவரே சொல்லட்டும், முந்தின நாள் மனம் மாறினாலும் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பதிலாக வீட்டில் அண்ணனோ மனைவியோ கையெழுத்துப் போட்டால் போதாது. போட்டோ விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே, மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு தடவை போனால் தெரு முழுக்கப் போகும். அப்புறம் வாடகை வீடு, கல்யாணப் பேச்சு என்று அவர்களுக்குத்தான் சிக்கல்.

தம்பிக்கு வருகிறேன். நீங்கள் உள்ளே எல்லோருக்கும் அக்கா. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அதே அக்கா முன்னால் உட்கார்ந்து வரைய வேண்டும் என்றால் யாருக்கும் வாசல்தான் வசதி. பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள், உள்ளே வா என்று கூப்பிடவும் வேண்டாம். அங்கே வரை வருகிறானே, அதுவே வருகைதான். மாதத்தில் ஒரு வாரமாவது வேறு யாரையாவது நடத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் பராமரிப்பவர்கள் வரிசையில் உட்கார்ந்து ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அந்த முக்கால் மணி தேவை என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. டீ வாங்கி வரும் வேலை தம்பிக்குப் பிடித்திருந்தால் அதை அவனுக்கே கொடுத்துவிடுங்கள்.