கேம்ப் பையில் ஒளித்து வைத்த போன்

கேள்வி: என் மகன் ஏழாவது படிக்கிறான், பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருக்கிறான். மூன்று நாள் முகாமுக்குக் கூட்டிப்போகிறார்கள், போன் கொண்டுவரக் கூடாதாம். அவன் ஒரு ராத்திரிகூட என்னைப் பிரிந்து இருந்ததில்லை. ஒரு பட்டன் போனைத் துணிக்கு நடுவில் வைத்து அனுப்பிவிடலாமா? (ஒரு தாய், கும்பகோணம்)

வைக்காதீர்கள் அம்மா. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒன்பது சட்டங்கள் உண்டு, அதில் முதலாவதே சாரணர் நம்பிக்கைக்கு உரியவர் என்பதுதான். அதை ஒப்பித்து உறுதிமொழி எடுத்த பையனின் பையில் அம்மாவே ஒரு ரகசியத்தை வைத்து அனுப்பினால் அவன் பாவம் யார் பேச்சைக் கேட்பான்?

ஒரு முகாமில் உதவிக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் பகலெல்லாம் கயிறு கட்டுவதும் கஞ்சி காய்ச்சுவதுமாகக் குஷியாகத்தான் இருந்தான், ராத்திரி பத்து மணிக்குப் படுத்ததும் வீட்டு ஞாபகம் வந்து, ஒளித்து வைத்திருந்த போனை எடுத்து அம்மாவிடம் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மனசு லேசாகித் தூங்கிப்போனான். தூக்கம் போனது வீட்டில் இருந்தவர்களுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா காரில் வந்து நின்றார், எழுப்பிய பையன் "ஏன்ப்பா வந்தீங்க?" என்றான். முதல் ராத்திரி ஏக்கம் எல்லாப் பிள்ளைக்கும் வரும், பக்கத்தில் படுத்திருப்பவனோடு நாலு கதை பேசினால் பெரும்பாலும் அடங்கியும் விடும். போன் இருந்தால் அந்த நாலு கதை நடக்காது. எங்கள் காலத்தில் இரண்டாம் நாள் வீட்டுக்கு இன்லண்டு லெட்டர் எழுதச் சொல்வார்கள், நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான் அது வந்து சேரும்!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. பொறுப்பாசிரியர் நம்பர், அவர் எடுக்காவிட்டால் கூப்பிட இன்னொருவர் நம்பர், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, வண்டி கையில் இருக்கிறதா, இத்தனையும் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் அனுப்பவே வேண்டாம். பையனுக்கு அலர்ஜி, வீசிங் ஏதாவது இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். சில பிள்ளைகள் சர்க்கரை அளவைப் போனில் காட்டும் கருவி மாட்டியிருப்பார்கள், அவர்களிடம் போய் "ரூல்னா ரூல்" என்று பேசுவது முட்டாள்தனம்.

கேள்வி: பள்ளியில் சாரண ஆசிரியர் பொறுப்பை இந்த ஆண்டுதான் ஏற்றேன். இரண்டு பையன்கள் எப்போதும் அரைகுறை யூனிஃபார்மில் வருகிறார்கள், தொப்பி இருந்தால் ஷூ இல்லை. திருப்பி அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்கிறார் சீனியர். (ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்)

பயம் வரும், அந்த இரண்டு பேரும் வர மாட்டார்கள். சாம்பல் சட்டை, நேவி ப்ளூ பேன்ட், பெரே தொப்பி, ஸ்கார்ஃப், அதைக் கழுத்தில் சேர்த்துப் பிடிக்கும் வாகிள் என்ற வளையம், பெல்ட், கருப்பு ஷூ என்று மொத்தமாக வாங்கினால் கூலி வேலை செய்யும் வீட்டில் அது தீபாவளித் துணிச் செலவு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் யூனிஃபார்ம் கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியக் கூடாது என்பது. அதே உடுப்பை வைத்து எவனிடம் காசில்லை என்று ஊருக்குக் காட்டினால் எப்படி?

பீரோவில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். இந்த வயசில் வருஷத்துக்கு ஒரு சைஸ் ஏறிவிடுகிறார்கள், பத்தாமல் போன சட்டை பேன்ட்டை எல்லாரும் அங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுத் தேவையானதை எடுத்துக்கொள்ளட்டும். சிக்கனமும் சாரணர் சட்டம்தானே. வாகிளைக் கடையில் வாங்கவே வேண்டாம், கயிற்றைப் பின்னிச் செய்யக் கற்றுக்கொடுத்தால் முடிச்சுப் பாடமும் முடிந்தது. ஸ்கார்ஃபில் மட்டும் நான் கறார், ஏனென்றால் அது அழகுக்குக் கட்டுவது இல்லை, கை முறிந்தவனுக்குத் தூளி கட்டவும் காயத்தைச் சுற்றவும் உதவுகிற துணி. கொடியேற்றத்துக்கும் அணிவகுப்புக்கும் முழு உடுப்பு கேளுங்கள். சாணி மண்ணில் கூடாரம் அடிக்கும்போது பழைய டி-ஷர்ட்டும் ஸ்கார்ஃபும் போதும், பல நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, இந்த விதிகளை நீங்கள் தனியாக எழுதிப் போர்டில் ஒட்டாதீர்கள். அணித் தலைவர்கள் உட்கார்ந்து பேசும் கோர்ட் ஆஃப் ஆனர் என்ற ஏற்பாடு எதற்கு இருக்கிறது? போன் விதியையும் அங்கேயே வையுங்கள். பையன்கள் உங்களைவிடக் கடுமையாகத் தீர்ப்புச் சொல்வார்கள், நீங்கள்தான் குறுக்கே புகுந்து குறைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பிரெண்ட் போனில் யூனிஃபார்மோடு ரீல்ஸ் எடுத்துப் போட்டோம். சார் செம திட்டு. டான்ஸ் ஆடினது தப்பா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், சேலம்)

டான்ஸில் தப்பில்லை தம்பி. அந்த ரீல்ஸில் பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்குகிற பையன் இருக்கிறானே, அவனிடம் கேட்டாயா? யூனிஃபார்மில் இருக்கும்போது நீ மட்டும் ஆடவில்லை, உன் ஸ்கார்ஃப் நிறத்தைப் பார்த்து எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும், இத்தனை பிள்ளைகள் இந்த ரோட்டில் போகிறார்கள் என்பதும் முன்பின் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். கூடாரத்துக்குள்ளும் குளிக்கிற இடத்திலும் கேமராவை எடுக்கவே கூடாது, அதற்குச் சாக்கே கிடையாது. 2025இல் மணப்பாறையில் வைரவிழா ஜம்போரி என்ற சாரணர் பெருந்திரள் முகாம் நடந்ததே, எங்கள் தெருப் பையன் ஒருவன் போய்விட்டு வந்தான். எடுத்த போட்டோவில் பாதி அவனுக்கே மறந்துவிட்டது, வேறு மாநிலப் பையனிடம் மாற்றிக்கொண்ட பேட்ஜை மட்டும் இன்னும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

கேள்வி: முகாமில் பிள்ளைகளின் போனைப் பிடுங்கி பிஸ்கட் டப்பாவில் போடுகிறார்கள். சார் மட்டும் நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? (ஒரு தந்தை, தாம்பரம்)

கூடாது. ட்யூட்டியில் இருப்பவரிடம் ஒரு போன் இருக்கட்டும், சார்ஜோடு, ரிங் சத்தத்தோடு, அவசரத்துக்கு. மற்ற சார்கள் போனெல்லாம் அதே டப்பாவுக்குள் போகலாம். அது சரி, "சார், என் பையன் சாப்பிடுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று வேளையும் கேட்பது யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.