துணைநோக்கியில் தெரியும் நிலவு குழலில் தெரியாதது ஏன்?

கேள்வி: வீட்டுத் தொலைநோக்கியின் மேலுள்ள, குறிபார்க்க உதவும் சிறு துணைநோக்கியான ஃபைண்டரில் நிலவு நடுவில் நின்றாலும், பெரிய குழலில் வெறும் இருட்டே தெரிகிறது. என்ன பிழை?

பதில்: இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. இரவில் இதைச் சரிசெய்ய முயன்று கழுத்து வலியை வாங்கிக்கொள்ளாமல், பகலில், சூரியன் இருக்கும் பக்கத்தை அறவே தவிர்த்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்பேசிக் கோபுரத்தின் நுனியை 25 மி.மீ. கண்ணருகு லென்ஸின் நடுவில் கொண்டுவந்து, குழலை அசையாமல் இறுக்கிவிடுங்கள். பிறகு ஃபைண்டரின் ஒரு திருகைத் தளர்த்தி இன்னொன்றை முடுக்கினால், குறுக்குக் கம்பிகள் வெட்டும் இடத்துக்கு அந்த நுனி மெல்ல வந்து சேரும். பல ஃபைண்டர்களில் காட்சி தலைகீழாகத் தெரிவதால், முதலில் கை எதிர்ப்பக்கம் போவது இயல்பே. 10 மி.மீ. லென்ஸை மாட்டி மீண்டும் சரிபாருங்கள். இறுதித் திருத்தத்தை, ஏறத்தாழ நகராமல் நிற்கும் துருவ விண்மீனைக் கொண்டு இரவில் செய்யலாம்.